குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பார்

மகனே, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. குட்டியை எடுப்பதற்கு முன்னால் அதன் தாயைப் பார்த்துவிட்டு வா. அவ்வளவுதான். சொல்வதற்கு நேரம் இருந்தது. நீ தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாய், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலாக்காவின் மதிய வெயில் தெருவை ஆளரவமில்லாமல் துடைத்து வைத்திருந்தது. ரேடியோவை யாரோ எங்கோ தணித்து வைத்திருந்தார்கள். அந்த வரி வாய் வரைக்கும் வந்தது. பிறகு ரசத்தின் ஆவியோடு எங்கோ போய்விட்டது.

நீ ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாய். கமலாவுக்கு ஐந்தாம் மாதம், குலுக்கல் ஆகாதென்று விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாய். அப்பாவிடம் நாய்க்குட்டி விஷயத்தை ஆரம்பித்தது நீதான்.

"நல்ல ஜாதி குட்டிப்பா. அல்சேஷன். டுரியான் துங்கால் பசார் பக்கத்துல ஒரு ஆளு வச்சிருக்கானாம். ஸ்டோர் கிராணிதான் சொன்னாரு."

"நகம் எத்தன?" என்றார் அப்பா.

"இருபதும் இருக்காம்."

"அப்ப யோசிக்காத. வியாழக்கெழம ஆடி பொறக்குது. அதுக்குள்ள கொண்டாந்துரு. ஆடியில புதுசா ஒரு ஜீவன் வீட்டுப்படி ஏறக் கூடாது."

"கண்ணு தொறந்துருச்சாம்பா, தத்தித் தத்தி நடக்குதாம். இப்பவே எடுத்துக்கங்கன்றான். இருட்டு ரூம்ல கட்டிப் போட்டு வளத்தா ஒரு பய கிட்ட வர முடியாதாம்."

"ஒங்க சித்தி கூட வர முடியாதுலா," என்று அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

உனக்கு எதற்காக நாய் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். விடியுமுன்பே நீ பெரட்டுக்குப் போய்விடுகிறாய். லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்று பேர் கொடுத்து வேலைக்குப் பிரிந்து போகிற அந்த இருட்டு நேரம் முழுக்க, தோட்டத்துக் கணக்கெழுதும் உனக்குக் கொடுத்த கிராணி வீட்டில் கமலா தனியாக இருக்கிறாள். அந்த வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள்தான். கம்பிவேலி இன்னும் நிற்கிறது என்றாலும் துருப்பிடித்து, கீரைக்கொடி படர்ந்து, ஓரிடத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு வளைந்திருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போட்ட அவசரகாலம் முடிந்ததென்று யாரும் அறிவிக்கவில்லை, நடக்கிறதென்றும் சொல்ல முடியவில்லை. ஒரு கனவின் கடைசிப் பகுதியில் எல்லாரும் நிற்பதுபோல் இருக்கிறது. அந்த அரையிருட்டில் அவளுக்குத் துணையாக ஒரு நாய் வேண்டும் என்று நீ நினைத்தது சரி. ஆனால் அந்த நாயோடு வீட்டுக்குள் இருக்கப் போவது அவள். கார்த்திகை, மார்கழியில் ஒரு குழந்தையும் இருக்கும். தோட்டத்துக்குள் நுழைகிறவனை நினைத்து நீ நாய் வாங்குகிறாய். நான் அந்தக் குழந்தையின் கையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

சரி, ஏன் சொல்லவில்லை? சட்டை எடுப்பதிலிருந்து பெண் பார்த்தது வரைக்கும் நீ என்னைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை. அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்த எனக்கும் உனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் என்று ஊரார் சிரித்ததைக்கூட நாம் இருவரும் சேர்ந்தே சிரித்துக் கடந்துவிட்டோம். ஆனால் நாய் என்ற பேச்சு வந்தால் மட்டும் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. பல வருஷமாக அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் என் வார்த்தை உன்னிடம் எடுபடாது, எதிராகவே போகும் என்று பயந்தேன். அதனால் எழுதுகிறேன். எழுத்தைப் படிப்பவன் எழுந்து போய்விட்டாலும், திரும்பி வந்து படிக்கலாம்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்த புதிது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம். உனக்கு அப்போது பன்னிரண்டு. அம்மாவை இழந்த பிள்ளைக்கு விளையாட ஏதாவது வேண்டும் என்று அப்பா நினைத்தார். கலவரம் தொடங்கி, கம்பிவேலி புதிதாக மினுங்கிக்கொண்டிருந்த காலம் அது. சைக்கிளில் பிரம்புக்கூடை கட்டிய ஒரு ஆள் கேட்டில் வந்து நின்றான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கூடைக்குள் அரிசி ஒளித்து வைத்திருக்கிறானா என்று கையை விட்டுத் துழாவினார். கையோடு ஒரு நாய்க்குட்டி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குட்டி சிரிப்புச் சத்தத்துக்கு நடுங்கியது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. மறுநாள் ஆடி. அப்பா அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கி, கத்தாமல் இருக்கிறதா என்று பார்த்தார். நான் நகத்தை எண்ணினேன். என் பிறந்த வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்கள், அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. இதன் தாய் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சைக்கிள்காரன் எங்கிருந்து வந்தான், நாளைக்கு எங்கே இருப்பான் என்றுகூடக் கேட்கவில்லை. நீ அதற்கு டைகர் என்று பெயர் வைத்தாய்.

அதற்குச் சரியாக நக்கிக் குடிக்கக்கூடத் தெரியவில்லை. அப்போதெல்லாம் கடையில் பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரக்கூடாது என்று சட்டம். திறந்த டின் பொழுது சாய்வதற்குள் எறும்பாகிவிடும். எறும்பை ஊதி ஊதி, துணித்திரியில் நனைத்து அதன் வாயில் வைப்போம், நீ ஒருபக்கம், நான் ஒருபக்கம். நம் இருவருக்கும் நடுவில் அதுவரை பேச்சென்று ஒன்றும் இல்லை. அந்தத் திரியைப் பிடித்தபடிதான் நீ முதன்முதலாக என்னிடம், "சித்தி, இது தூங்குதா சாவுதா?" என்று கேட்டாய். தூங்குகிறது என்றேன். உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. உன் சட்டைக்குள் அது மூச்சுவிட்டதும், கூரைத்தகரத்தில் மழை நடந்ததும், வேலியோரம் காவல் விளக்கு மங்கி மங்கி எரிந்ததும் எனக்கு ஒரே நினைவாகக் கலந்து கிடக்கின்றன.

அது பிழைத்தது. அழகாகவும் வளர்ந்தது. ஆனால் விளையாட்டுக்கும் கடிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. என் புடவை கிழிந்தது, அப்பாவின் செருப்பு கிழிந்தது, நீ சிரித்தாய். ஒருநாள் அது தின்றுகொண்டிருந்தபோது தட்டை நகர்த்தினாய். முழங்கைக்குக் கீழே பல் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. நீ அழவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்ட என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "அப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தி. வேலிக் கம்பி கிழிச்சிருச்சின்னு சொல்லிக்கலாம்."

அப்பா வீட்டுக்குள் வந்து கால் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். மறுபடி அப்படி நடந்தால் மறுபடியும் சொல்லுவேன். பெரியாஸ்பத்திரியில் உன் வயிற்றில் ஊசி போட்டார்கள். டைகரை ஒரு லோரிக்காரரிடம் கொடுத்தனுப்பினார் அப்பா. லோரி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீ என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "நீங்க வந்ததுலேர்ந்துதான் இந்த வீட்ல எல்லாம் போவுது." நீ மறந்திருப்பாய். நாய் என்றதும் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதை மட்டும் உன் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது.

இனி நான் உனக்குச் சொல்லாத இன்னொரு மதியம். நாம் டவுனுக்குக் குடிவந்த பிறகு, நீ படிக்கப் போயிருந்த சமயம். தஞ்சோங் கிளிங்கில் கடலோரமாக நேசம் மிஸ்ஸி என்று ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியாக இருந்து வேலையை விட்டவர். அவரிடம் நான் புத்தகங்கள் வாங்கிப் படிப்பேன். அவர் வீட்டில் நாய்கள் உண்டு என்று தெரியும், குட்டிகளை விற்பார் என்று தெரியாது. அன்று படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். காலையில் சுமத்ராக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. கடல் கழுவிய தட்டுபோல் இருந்தது. அடுக்களைத் தரையிலேயே குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. பாத்திரம் விழுந்தது, ஒரு குட்டியும் திடுக்கிடவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தைகள் வந்து மடியில் எடுத்துவிட்டுப் போனார்கள். தாய் வாசற்படியில் படுத்தபடி ஒரு கண்ணால் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் இருந்தபோதே ஒரு காரில் டவுன் ஜவுளிக்கடை முதலாளியும் மனைவியும் வந்தார்கள். கையில் தாம்பாளம். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ. பெண் கேட்க வந்தவர்களைப்போல் பாயில் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கி முகூர்த்த நாள்மா. இப்பவே தூக்கிட்டுப் போயிடறோம்."

"தூக்கிக்கொண்டு போக இதென்ன வாழைக்குலையே? இன்னும் தாயிட்டைப் பால் குடிக்குது. அடுத்த மாதம் வாங்கோ."

"அடுத்த மாசம் நாள் சரியில்லியே."

"அப்ப அதுக்கடுத்த மாதம் வாங்கோ. நான் எங்கையும் போகேல்லை."

முதலாளி நகத்தை எண்ணலாமா என்று கேட்டார். மிஸ்ஸி ஒரு குட்டியை அவர் மடியில் போட்டார். "வடிவா எண்ணுங்கோ. எண்ணி முடிச்சாப் பிறகு தாயிட்டையும் கையை நீட்டுங்கோ. அவளைப் பிடிச்சாத்தான் இவனைப் பிடிக்கும். ஒண்டு சொல்லோணும், இவன்ர தகப்பனுக்கு மழைக்குக் காதில சீழ் வாறது. இவனுக்கும் வரக்கூடும். பிறகு வந்து சண்டை பிடிக்கப்படாது."

தன் சரக்கில் உள்ள குறையைத் தானே எடுத்துச் சொல்கிற வியாபாரியை முதலாளி அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. மனைவியைப் பார்த்தார். மிஸ்ஸி கேள்விகளை ஆரம்பித்தார். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், கடையில் கட்டிப் போடப் போகிறார்களா, பிள்ளைகளுக்கு என்ன வயது, முன்பு நாய் வைத்திருந்தார்களா, அதற்கு என்ன ஆனது. அந்த அம்மாள் கணவனின் காதில், "பொண்ணு குடுக்கறவங்க கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க," என்றார்.

"பொம்பிளைப் பிள்ளையெண்டா வாயைத் திறந்து சொல்லும். இது சொல்லுமே?" என்றார் மிஸ்ஸி. "சரி, வச்சிருக்க ஏலாமப் போனா என்ன செய்வியள்?"

"எங்க டிரைவர்கிட்ட குடுத்துருவோம்."

"இல்லை. என்னட்டைத்தான் திருப்பிக் கொண்டு வரோணும். அதுக்குச் சம்மதமெண்டா மட்டும் வாங்கோ. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போங்கோ, பழம் பழுத்திட்டுது."

கார் போன பிறகு நான் கேட்டேன்: "இப்படி விரட்டினா யாரு அக்கா வாங்குவாங்க?"

"வாங்காட்டி நான் வளப்பன். அங்கை படுத்திருக்கிறாளே மற்றவள், அவள் போன வருசம் போட்டவள். இந்த முறை சேர விடேல்லை. அவள் என்ன மெசினே, வருசா வருசம் போட? அது சரி, நீர் ஏன் பிள்ளை ஒரு நாய் வச்சிருக்கேல்லை?"

நான் டைகரைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூடை, பால் டின், திரி, உன் கை, லோரி. நீ சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மிஸ்ஸி கேட்டுவிட்டு, உருண்டுகொண்டிருந்த குட்டிகளைக் காட்டினார். ஒன்று மற்றொன்றின் காதைக் கடித்தது. கடிபட்டது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விட்டது. கடித்தது தனியாக நின்று விழித்தது. பிறகு பின்னாலேயே போய், இந்த முறை மெதுவாகக் கவ்வியது. "உதுதான் பள்ளிக்கூடம்," என்றார். "பல்லை எவ்வளவு அழுத்தலாம் எண்டு தாயும் கூடப் பிறந்ததுகளும்தான் சொல்லிக் குடுக்கும். உங்கட நாயை அந்தக் கூடைக்காரன் பள்ளிக்கு விடாமக் கூட்டிக்கொண்டு வந்திட்டான். ரெண்டு மாதமாவது இருந்திருக்கோணும்."

அதற்குப் பிறகு மிஸ்ஸி தேநீர் போடப் போனார். காதைக் கடித்த குட்டியே வந்து என் புடவை மடியில் ஏறித் தூங்கிவிட்டது. கையில் புதுப் புத்தகம் இருந்தது, பிரிக்கவில்லை. கடலில் ஒரு பாய்மரப் படகு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருந்தது. தூங்கிக்கொண்டே அந்தக் குட்டி கால்களை உதைத்தது, எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் கண் சொக்கியது. அந்த மயக்கத்தில் நீ பன்னிரண்டு வயதுப் பையனாக அலையோரம் நின்றாய், கையில் தழும்பு இல்லாமல். டைகர் கெட்ட நாய் இல்லை என்று உன்னிடம் சொன்னேன். உன்மேலும் தப்பில்லை, அப்பாமேலும் இல்லை, என்மேலும் இல்லை, எல்லாரும் கூடைக்காரனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஆடியை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன். தேநீர்க் கோப்பை சத்தம் கேட்டு விழித்தபோது சொன்னதெல்லாம் சொல்லாததாகிவிட்டது.

ஆகவே இப்போது கேள். டுரியான் துங்காலுக்குப் போ, போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குட்டியை முதலில் கையில் எடுக்காதே. எடுத்துவிட்டால் மனசு அதோடு போய்விடும், கண் வேறெதையும் பார்க்காது. தாயைக் காட்டச் சொல். வெளியே போயிருக்கிறது, துரை பங்களாவில் இருக்கிறது என்று சொன்னால் திரும்பி வந்துவிடு. காட்டினால், அது எங்கே படுத்திருக்கிறது, மனிதரைப் பார்த்து ஒடுங்குகிறதா உறுமுகிறதா, உடம்பில் சதை இருக்கிறதா என்று பார். போன முறை எப்போது குட்டி போட்டது என்று கேள். அந்த ஆள் உன்னை ஏதாவது கேட்கிறானா என்றும் கவனி. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று சொல்லிப் பார், அவன் முகம் மாறுகிறதா என்று பார். பணத்தைத் தவிர வேறெதையும் கேட்காதவன், நாளைக்கு நீ கஷ்டத்தோடு போய் நின்றால் உன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டான். இருட்டறையில் கட்டி வளர்த்த நாய்க்குத் திருடனும் தெரியாது, கமலாவும் தெரியாது, எல்லாரையும் பார்த்துப் பயப்படத்தான் தெரியும். நாய் பயந்தால் கடிக்கும். ஆடியைப் பற்றி அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாம் பார்க்கிற நாள் நமக்கு. குட்டிக்கு அதன் தாய் எப்போது போதும் என்கிறதோ, அப்போதுதான் நாள்.

நான் சொன்னதால் ஒரு நாயை நீ இழந்தாய். நான் சொல்லாமல் இருந்து வேறொன்றை நீ இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இதைச் செவ்வாய்க்கிழமை எழுதி, உன் பக்கம் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். இப்போது, நாய்க்குட்டி வாங்கப் போகிற வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று, உன் சம்மதத்தோடு பெயர்களை மாற்றி ஞாயிறு மலருக்குப் பிரதி எடுக்கிறேன். பின்னால் நடந்தது இது. ஆடிக்கு முந்தின நாள் நீ அங்கே போனாய், தாயைக் காட்டச் சொன்னாய். அந்த ஆளின் கடைக்குப் பின்புறம், திரும்பக்கூட இடமில்லாத பலகைக்கூண்டில் அது இருந்தது. ஆடி வருகிறதென்று மற்ற குட்டிகளையெல்லாம் ஆட்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். உனக்கென்று வைத்திருந்த ஒரு குட்டி மட்டும் மிச்சம். நீ தாயையும் குட்டியையும் சேர்த்தே லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து என் முகத்தைப் பார்த்து, "சித்தி, அந்த மிஸ்ஸி வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்றாய். கூட்டிப் போனேன். மிஸ்ஸி உன்னைத் திட்டினார். நீ கொடுத்த காசில் அவன் இன்னொரு பெட்டையை வாங்கி அதே கூண்டில் அடைப்பான் என்றார், அதுவும் உண்மைதான். நோயில் சோர்ந்து கிடந்த குட்டிக்கு மருந்து கொடுத்தார். ஆடி முடிவதற்குள் அது செத்துப்போயிற்று. தாய் உங்களோடு இருக்கிறது. அது இதுவரை ஒருவரையும் பார்த்துக் குரைக்கவில்லை. விடியுமுன் நீ பெரட்டுக்குக் கிளம்பியதும் எழுந்து வந்து, கமலாவும் குழந்தையும் தூங்குகிற அறையின் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறது.